நோன்புச் சாமான் வாங்க முந்தி அலுமாரியைத் திறந்து பாருங்கள்



ஷஃபான் வந்துவிட்டது. இனி வீடுகளில் நோன்புச் சாமான் லிஸ்ட் எழுதத் தொடங்கிவிடுவோம். கஞ்சிக்கு அரிசி, பயறு, வெந்தயம். ரோல்ஸுக்கும் பெட்டிஸுக்கும் கோதுமை மா. சர்பத்துக்குக் கசகசா. அதை எழுத முந்தி எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பிழை எங்களுடையதுதான்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். கேஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தைய வருடம் 1000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய 1950 ரூபா. அந்தப் பயத்தில் நாங்களும் கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்து பென்ட்ரி அலுமாரிக்குள் தள்ளினோம்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ராத்தா ஒரு சுண்டு பருப்புக் கேட்டு வந்தா. திறந்து பார்த்தோம், கண்ணில் படவில்லை. "முடிஞ்சி போச்சு ராத்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். உண்மையிலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். நாலைந்து மாதம் போய் அலுமாரியைத் துடைக்க எடுத்தால், பின்மூலையில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் இரண்டு கிலோ மைசூர்ப் பருப்பு. பாக்கெட் முழுக்க வண்டு. கோழிக்குக்கூடப் போட மனம் வரவில்லை. ராத்தா வெறுங்கையோடு திரும்பிப் போனதுதான் கண்ணுக்குள் நின்றது.

யோசித்துப் பார்த்தால், பிழை பாஸ் வந்து அளவெடுத்த நாளிலேயே தொடங்கிவிட்டது. நாங்கள் கேட்டதெல்லாம் கதவு என்ன நிறம், கைப்பிடி என்ன டிசைன் என்பதுதான். உள்ளே என்ன வைப்போம், யார் எடுப்பார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கீழ் அலுமாரி இரண்டடி ஆழம். முன்னால் இருப்பது மட்டும் தெரியும், பின்னால் போனது போனதுதான். எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம்: வருபவர்கள் பார்க்க முன்னுக்குப் பென்ட்ரி, சமைக்கப் பின்னுக்குக் குசினி. லட்சக்கணக்கில் செலவழித்த அலுமாரிக்குள் மூன்று பாக்கெட் ரவை ஒன்றையொன்று தெரியாமல் இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறோம். பெரிய செலவில்லை.

சாமானுக்கென்று ஓரடிக்கு மேல் ஆழமில்லாத தட்டுகள் அடித்தோம். ஒரு வரிசை, பின்னால் இன்னொரு வரிசை கிடையாது. இருக்கும் ஆழமான அலுமாரியை உடைக்கத் தேவையில்லை. நீளமான பிளாஸ்டிக் கூடைகளை உள்ளே வைத்து, லாச்சி மாதிரி இழுத்து எடுத்தால் போதும்.

புதிய பாக்கெட் பின்னுக்கு, பழையது முன்னுக்கு. போத்தலில் கொட்டினால் காலாவதித் திகதியை வெட்டி அதிலேயே ஒட்டுவோம். பழைய அரிசி முடியாமல் அதன்மேல் புதியதைக் கொட்டுவதில்லை. அரிசி வண்டு மணிக்குள்ளேயே முட்டையிடும். வெயிலில் காயவைத்தால் வண்டு ஓடும், உள்ளே இருக்கும் முட்டை எல்லாம் சாகும் என்று நம்ப முடியாது. வீட்டில் டீப் ஃப்ரீசர் இருந்தால் மாவையும் பருப்பையும் நாலு நாள் அதில் வைத்து எடுத்தால் முட்டையும் சாகும். எடுத்ததும் திறக்காமல் சாதாரணச் சூட்டுக்கு வந்தபிறகு டின்னில் போடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் பிடிக்கும்.

கொச்சிக்காய்த்தூளும் எண்ணெயும் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், சூட்டில் கெட்டுவிடும். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் செத்தல் மிளகாயையும் கழுவிக் காயவைத்துப் பாவிக்க வேண்டாம். அதில் உண்டாகும் நஞ்சு கழுவினாலும் சமைத்தாலும் போகாது. எறும்புக்கு அலுமாரிக் காலடியில் தண்ணீர் வைப்பவர்கள் அதில் கைநிறைய உப்புப் போடுங்கள். வெறும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பெயர் ஒட்டியது. வகுப்பறை அலுமாரிக்கு விழுந்து விழுந்து பெயர் ஒட்டும் ஆசிரியர்களாகிய நாங்கள், வீட்டில் அதைச் செய்யவில்லை. எது எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் உம்மாமாரின் தலைக்குள்தான். அதனால்தான் ஸஹர் நேரத்திலும் "உம்மா, சீனி எங்க?" என்று ஒரு சத்தம். இப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் வாசித்து எடுக்கிறது, எடுத்த இடத்தில் வைக்கிறது. வீட்டு ஆண்களுக்கும் இனிச் சாட்டுச் சொல்ல வழியில்லை.

"இதெல்லாம் வசதியுள்ளவர்களின் வேலை" என்று சிலர் சொல்லலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வசதி குறைந்த வீட்டில்தான் ஒரு கிலோ பருப்பு வீணாவது பெரிய நட்டம். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022இல் உலகில் வீணான உணவில் 60 வீதம் வீடுகளில் வீணானது என்கிறது. கல்யாண வீட்டுச் சஹனில் மிஞ்சும் சோற்றைப் பற்றிப் பேசுகிறோம். அலுமாரிக்குள் சத்தமில்லாமல் நடக்கும் இஸ்ராஃபைப் பற்றிப் பேசுவதில்லை.

யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். செழிப்பான ஏழு வருடத்தில் தானியத்தைக் கதிரோடு விட்டுச் சேமிக்கச் சொன்னார்கள். பஞ்சம் வந்தபோது அந்தச் சேமிப்பு அயல் ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் அளந்து கொடுக்கப்பட்டது. சேமிப்பது பிழையில்லை. ஆனால் நம்மிடம் இருப்பது நமக்கே தெரியாவிட்டால் நாமும் சாப்பிடமாட்டோம், கொடுக்கவும்மாட்டோம்.

ஆகவே இந்த வாரம் ஒரு தட்டை மட்டுமாவது வெளியே எடுங்கள். துடையுங்கள், எண்ணுங்கள். அதற்குப் பிறகு லிஸ்ட் எழுதுங்கள். மேலதிகமாக இருப்பதை நல்ல நிலையில் இருக்கும்போதே, நோன்புக்கு முந்தியே, தேவையான ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் போன வாரம் எங்கள் அலுமாரியைத் திறந்தோம். முதலில் அளந்து வைத்தது ராத்தா வீட்டுக்கான பருப்பை.

அல்லாஹ் நம் எல்லோருடைய ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக.