வானத்துக் கண்

அயலார் பார்வைக்கு வேலி அடைக்கலாம்; வானத்துக் கண்ணை எவ்வாறு மறைப்பது?

1978இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டவ் இரசாயன ஆலையை, அரசு விமானத்திலிருந்து படம்பிடிப்பித்தது. அது உரிமைமீறலன்று என 1986இல் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் ஐவர்க்கு நால்வராய்த் தீர்ப்பளித்தது. எனினும், பொதுமக்களுக்குக் கிட்டாத செய்மதி போன்ற நுண்கருவியாயின் நீதிமன்ற ஆணை வேண்டப்படலாம் என்றும் கூறி வைத்தது.

காலம் மாறியது. 1999இல் ஐகோனோஸ் என்னும் வணிகச் செய்மதி ஒரு மீற்றர் நுட்பத்துடன் படம் விற்கப் புறப்பட்டது. 2014இல் ஏவப்பட்ட வேள்ட்வியூ-3 காட்டுவதோ 31 சென்ரிமீற்றர் நுட்பம். முகம் தெரியாது, முற்றத்து வாகனம் தெரியும்.

விலைக்குக் கிடைப்பதைக் கிட்டாததென்று சொல்லலாமோ? கருவியின் அருமையையே அரணாகக் கொண்ட சட்டம், அவ்வருமை நீங்கியதும் அரணிழக்கும். பார்க்கப்படுவோரின் உரிமையைத் தெளிவுற வகுத்துரைப்பதே இனிச் சட்டத்தின் கடன்.