ஆஸ்பத்திரி விளம்பரங்கள்

ஜவுளிக் கடைக்காரன் தன் சேலையைப் புகழ்ந்து பலகை வைப்பானேயானால் அதைப்பற்றி நமக்கு யாதொரு ஆக்ஷேபணையுமில்லை. ஏனெனில், சேலை வாங்கப் போகின்றவன் அதைத் தொட்டுப் பார்க்கலாம், விரித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம், ஒன்றும் வாங்காமலே வீட்டிற்குத் திரும்பினாலும் கேட்பாரில்லை. ஆனால் நடு இரவில் நெஞ்சு வலியோடு போகின்றவன் எதைத் தொட்டுப் பார்ப்பான்? தனக்கு என்ன வியாதி, அதற்கு என்ன சிகிச்சை, எத்தனை நாளைக்குச் சிகிச்சை என்பவைகளை எல்லாம் விற்கின்றவனே சொல்ல, வாங்குகின்றவன் தலையாட்ட வேண்டியிருக்கின்றது. வாங்குகின்றவனுக்கு என்ன வேண்டும் என்பதை விற்கின்றவனே தீர்மானிக்கும் தொழில், நாமறிந்தவரை, புரோகிதத்திற்கு அடுத்தபடி இதுவேயாகும்.

இதனாலேயேதான் வைத்தியர் விளம்பரம் செய்துகொள்ளக்கூடாது என்கின்ற கட்டுப்பாடு வைத்தியர்களாலேயே ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்க வைத்தியர் சங்கமானது 1847-ம் வருஷத்து விதிகளிலேயே அது தொழிலின் கௌரவத்திற்கு இழிவு என்று சொல்லிற்று. 1979-ல் அந்நாட்டு வியாபாரக் கமிஷனானது, இக்கட்டுப்பாடு போட்டியைத் தடுக்கின்றதென்று கூறி அதைத் தள்ளிவிட்டது. 1982-ல் அம்முடிவு சுப்ரீம் கோர்ட்டிலும் நிலைத்துவிட்டது. பிறகு நடந்தது என்ன? ஆஸ்பத்திரிகளும் மற்ற வைத்திய ஸ்தாபனங்களும் பொது ஜனங்களை நோக்கிச் செய்த விளம்பரத்திற்கு அங்கு 1997-ல் ஆன செலவு 54 கோடி டாலர். 2016-ல் 290 கோடி டாலர். இது யார் வீட்டுப் பணம்? முன்பு படுக்கையில் கிடந்தவன் கொடுத்துவிட்டுப் போன பணத்தில்தான் அடுத்தவனைப் படுக்கைக்கு அழைக்கும் பலகை எழுதப்படுகின்றது.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றது. 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகள், வைத்தியரோ வைத்திய ஸ்தாபனமோ நேராகவோ மறைவாகவோ நோயாளிகளை அழைப்பது ஒழுக்கக்கேடு என்று கூறுகின்றன. தொழில் தொடங்கியதையும், விலாசம் மாறியதையும், வெளியூர் போய்த் திரும்பியதையும், கட்டணம் இவ்வளவு என்பதையும் பத்திரிகையில் தெரிவிக்கலாம். தன் திறமையைத் தானே பறைசாற்றக்கூடாது. 2023 ஆகஸ்டு 2-ல் இதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வெளியாகி, அதே மாதம் 23-ந் தேதியே நிறுத்தி வைக்கப்பட்டு, பழைய விதிகளே திரும்ப அமுலுக்கு வந்தன. அப்படியிருக்க, நெடுஞ்சாலைப் பாலத்திற்குப் பாலம் கைகட்டி நிற்கும் டாக்டர் படங்கள் எப்படி வந்தன? விதியில் ஓட்டை இருக்கின்றது. கவுன்சில் கட்டுப்படுத்தக் கூடியது பதிவு பெற்ற வைத்தியரை மாத்திரமே. ஆஸ்பத்திரியின் மேல் உத்தரவு போட அதற்கு அதிகாரமில்லை என்று டில்லி ஹைகோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே டாக்டரை அழைத்துக் கேட்டால் "பலகை வைத்தது நிர்வாகம்" என்பார். நிர்வாகத்தைக் கேட்டால் "நாங்கள் டாக்டரல்லவே" என்பார்கள்!

நிற்க, இலவச முகாம்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாம் எல்லாம் மோசடி என்று நாம் சொல்ல வரவில்லை. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராமங்களில் முகாம் வைத்துத்தான் பார்வையற்ற ஏழைகளைக் கண்டுபிடித்து, அழைத்துப்போய், ஆப்பரேஷன் செய்து, சாப்பாடும் போட்டுத் திருப்பி அனுப்பிற்று. அங்கு முகாமில் தொடங்கிய இலவசம் வீடு திரும்பும்வரை இலவசமாகவே இருந்தது. மற்றொரு விதமான முகாமையும் நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது இலவசம். பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்வது இலவசம். "இருதயத்தில் சந்தேகம் இருக்கின்றது, நேரில் வாருங்கள்" என்கின்ற பயமும் இலவசம். அதற்கு மேற்பட்டதற்கெல்லாம் கட்டணம். தூண்டில்காரன் புழுவுக்கு மீனிடம் காசு கேட்பதில்லை.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, ஒரு நோவும் இல்லாதவனை அழைப்பதாகும். முழு உடல் பரிசோதனை என்பதைப் பண்டிகைத் தள்ளுபடி விலையில் விற்கின்றார்கள். இது ஆயுளைக் கூட்டுமா என்பதை ஊகத்திற்கு விடாமல் ஆராய்ந்தே பார்த்திருக்கின்றார்கள். காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டத்தார் 2019-ல் இரண்டரை லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில், பொதுப் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாதவர்களுக்கும் மரண எண்ணிக்கையில் வித்தியாசம் தென்படவில்லை.

தென் கொரியாவில் நடந்ததையும் கேளுங்கள். அங்கு 1999 முதல் சர்க்கார் சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனை ஏற்படுத்திற்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதில் சேரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிகள், இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்து தருகின்றோம் என்றன. ஜனங்களும் கொடுத்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர்கள் 40,000 பேருக்கு மேல். 1993-ல் இருந்த விகிதத்தைப்போல் 15 மடங்கு. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ ஏறவுமில்லை, இறங்கவுமில்லை! அதாவது, கண்டுபிடிக்கப்பட்டவைகளில் மிகப் பெரும்பாலானவை, விட்டுவைத்திருந்தால் ஒருவரையும் கொன்றிருக்காத சிறு கட்டிகள். ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் கழுத்து அறுக்கப்பட்டது. பலர் ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியவர்களானார்கள். சிலருக்குக் குரலே கெட்டுவிட்டது. 2014-ல் அந்நாட்டு டாக்டர்கள் சிலரே ஒன்று கூடி இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. ஒரு வருஷத்திற்குள் அந்த ஆப்பரேஷன்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயின. புது மருந்து எதுவும் வரவில்லை; ஜனங்களுக்குச் சங்கதி தெரிந்தது, அவ்வளவுதான்.

"எங்களிடம் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்து வருஷத்திற்கு மேல் உயிரோடிருக்கின்றார்கள்" என்று ஒரு பலகை சொல்லுமானால் அதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 70-வது வயதில் சாகப்போகும் ஒருவனுக்கு 67-ல் நோயைக் கண்டால் அவன் மூன்று வருஷம் இருந்தவன். அதையே 60-ல் கண்டால் பத்து வருஷம் இருந்தவன். செத்த தேதி ஒன்றுதான். விளம்பரத்தில் மட்டும் ஒருவன் தோல்வி, மற்றவன் வெற்றி. பிழைத்தவர்களின் படமும் பேச்சும் அப்படியே. கோயிலில் வெள்ளிக் கண்மலர் சாத்துகின்றவன் பார்வை வந்தவன். வராதவன் எதையும் சாத்துவதில்லை. உண்டியலைப் பார்த்து ஜனத்தொகைக் கணக்கு எடுக்கலாமா?

இனி, இவ்வித்தையை எங்கே கற்கின்றார்கள் என்பது. பிலிப் கோட்லர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், ராபர்ட்டா கிளார்க் என்னும் அம்மையாரோடு சேர்ந்து வைத்திய ஸ்தாபனங்கள் தங்களை விற்றுக்கொள்வதைப் பற்றிப் பெரிய புஸ்தகமே 1987-ல் எழுதியிருக்கின்றார். ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று பட்டப்படிப்பே இருக்கின்றது. விற்கின்றவனுக்குப் பள்ளிக்கூடமும் புஸ்தகமும் பட்டமும் இருக்க, வாங்குகின்றவனுக்கு டீக்கடைப் பேச்சைத் தவிர என்ன இருக்கின்றது? ஆகவே நம் படிப்பகங்களில் 2002-ம் வருஷத்து விதிகளைத் தமிழில் எழுதி வைத்து, எழுத்தறியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம். புனாவைச் சேர்ந்த டாக்டர்கள் அருண் காத்ரே, அபய் சுக்லா இருவரும் 78 டாக்டர்களைப் பேட்டி கண்டு 2016-ல் வெளியிட்ட இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்றிருக்கின்றது. ஆளனுப்பினதற்குக் கமிஷன் கொடுப்பதையும், மாதத்திற்கு இத்தனை ஆப்பரேஷன் என்று டாக்டருக்கே கெடு விதிப்பதையும் தொழிலில் உள்ளவர்களே அதில் சொல்லியிருக்கின்றார்கள். இங்கிலீஷ் தெரிந்த தோழர்கள் அதைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆளனுப்பினதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் மேற்படி விதிகளின்படியே குற்றம். வைத்தியமும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதென்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்ப்பளித்திருக்கின்றது. 2019-ம் வருஷத்துச் சட்டப்படி பொய் விளம்பரம் செய்கின்றவருக்கும், அதில் முகம் காட்டும் சினிமாக்காரருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் போடலாம். டாக்டரின் படத்தையும் பெருமையையும் போட்ட பலகையைக் கண்டால் அதைப் போட்டோ பிடித்து, இடமும் தேதியும் குறித்து, மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். புகார் வந்த 6 மாதத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கின்றது.