நடப்பவனுக்கும் நகரம் வேண்டும்

பொருளீட்டக் கடல் கடந்து துபாய் சென்ற நம்மவருள் சொந்தக் கார் இல்லாதோர் பலர். அவர்கள் அந்நகரில் எவ்வாறு போய் வருகின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

வழிகள் இல்லாமலில்லை. தேராவுக்கும் பர்துபாய்க்கும் இடையிலுள்ள கடற்கழியை ஒரே திர்ஹத்தில் கடத்திவிடும் 'அப்ரா' படகு உண்டு. 2009 செப்டம்பர் 9 அன்று ஓட்டுநரில்லா மெட்ரோ ரயில் தொடங்கப்பெற்றது. 2011இல் இரண்டாம் தடமும் திறக்கப்பெற்றது. 'நோல்' அட்டை ஒன்றிருந்தால் ரயிலிலும் பேருந்திலும் செல்லலாம். இவை பாராட்டத்தக்கனவே.

ஆயினும், ரயிலை விட்டு இறங்கிய பின்னரே சோதனை தொடங்குகிறது. வெப்பம் 40 பாகையைத் தாண்டும் கோடையில், இருப்பிடம் வரை நிழலின்றி நடக்க நேர்கிறது. நெடுஞ்சாலை குறுக்கிட்டால், எதிரே தெரியும் கட்டடத்தை அடையவும் நடைமேம்பாலம் தேடிச் சுற்ற வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கலாகாது என்பது அந்நாட்டு விதி. உழைப்பவனுக்கு ஆகாத வெயில் நடப்பவனுக்கு மட்டும் ஆகுமா?

2024 டிசம்பரில், 6,500 கிலோமீட்டர் நடைவழிகளுக்கான பெருந்திட்டம் அங்கு அறிவிக்கப்பெற்றது. நன்முயற்சியே. அதன் நிழல் சுற்றுலாப் பயணியர் உலவும் இடங்களோடு நின்றுவிடாது, தொழிலாளர் குடியிருப்புகளையும் எட்ட வேண்டும் என்பதே நம் கருத்து.

அங்குச் செல்லவிருக்கும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவோம்: வாடகையை மட்டும் கணக்கிடாது, ரயில் நிலையம் எத்தனை தொலைவு என்பதையும் கேட்டறிந்து அறை தேடுங்கள்.

வானளாவும் கோபுரங்களைக் கொண்டு நகரின் பெருமையை அளப்போர் உளர். நடந்து செல்லும் எளியவனுக்கு அது தரும் நிழலைக் கொண்டே நாம் அளப்போம்.