சாந்தில்லாத சுவர்

எம்மவர் வீட்டுப் பின்வளவுகளில் கோடைதோறும் தக்காளி காய்க்கின்றது, மிளகாய் சிவக்கின்றது. எரு மட்டும் கடையிலிருந்து பையில் வருகின்றது. வீட்டுக் கழிவிலேயே கூட்டெரு செய்யலாமே என்றால், "வாடகை வீடுதானே, எத்தனை நாளைக்கு?" என்பர்.

நாமும் அவ்வாறு எண்ணியிருந்தோம். பின்னர் ஒரு வேனிலில் மனம் மாறி, சீமெந்துச் சாந்து குழைத்து, செங்கல்லால் உறுதியான எருத்தொட்டி ஒன்றைக் கட்டினோம். மூன்றாம் ஆண்டில் சொந்தக்காரர் வீட்டை விற்றார். பாதி பதமான எருவோடு தொட்டியை விட்டு வந்தோம். கட்டியதை விட்டு வருவது எமக்குப் புதிதன்று. ஆயினும் அன்று திரும்பித் திரும்பிப் பார்த்தோம். அடுத்த தொட்டியைச் சாந்தின்றி அடுக்கினோம். அம்முறையையே இங்கு தருகின்றோம்.

வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெற்றபின், மூன்றரை அடிச் சதுர நிலத்தைச் சமன்செய்து இறுக்க வேண்டும். அடியில் சீமெந்துத் தளம் ஆகாது. நீர் வடியவும் மண்புழு ஏறிவரவும் வழி வேண்டும். எலி புகாதிருக்க நெருக்கமான கம்பிவலையை விரித்தல் நன்று.

இங்கிலாந்தில் வழக்கிலுள்ள செங்கல் 215 மில்லிமீற்றர் நீளமும் 65 மில்லிமீற்றர் உயரமும் உடையது. மூன்று பக்கங்களில், பக்கத்துக்கு நான்கு கல்லாக, இடையிடையே இரு விரல் வெளி விட்டு முதல் வரியை வைக்க வேண்டும். அடுத்த வரியின் கற்கள் கீழுள்ள வெளிகளின் மேல் அமர வேண்டும். மூலைகளில் மாறி மாறிப் பிணைய வேண்டும். 14 வரியில் சுவர் மூன்றடியை எட்டும். சுமார் 170 கற்கள் போதும். அதற்குமேல் உயர்த்தினால் சரியும். முன்பக்கத்தைக் கழற்றத்தக்க பலகைகளால் மறைக்கலாம். கல்லிடை வெளிகள் காற்றுக்கானவை. காற்றின்றேல் குப்பை மக்காது அழுகி நாறும்.

மரக்கறிக் கழிவு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, வெட்டிய புல் ஆகியன ஒரு பங்கு. காய்ந்த சருகு, கிழித்த காகித மட்டை, பழைய பத்திரிகை ஆகியன அதே அளவோ சற்று மிகுதியோ. வாசித்து முடித்த இவ்விதழும் அதில் அடங்கும்! மீன், இறைச்சி, சோறு, கறி கூடவே கூடாது. ஊரில் மீன் கழிவைத் தென்னையடியில் புதைத்தோம். இங்கே எலியும் நரியும் தேடி வரும். மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் ஓராண்டுக்குள் கறுத்த, மண் மணமுள்ள எரு கிடைக்கும். மாரிகாலத்தில் வேகம் குறையும், பொறுத்திருத்தல் வேண்டும்.

இது ஆங்கிலேயர் எமக்குக் கற்பித்த கலை என எண்ண வேண்டாம். அல்பேர்ட் ஹவார்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர், 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் பணியாற்றிய காலத்தில், அந்நாட்டு உழவரிடம் கற்றவற்றையும் கொண்டே தமது கூட்டெரு முறையை வகுத்தார். குழை தாழ்த்தி மண்ணை வளப்படுத்திய யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கும் இது அந்நியமானதன்று.

சென்ற முறை வீடு மாறியபோது கற்களை அரைநாளில் பிரித்து, நண்பரின் வானில் இரு தடவையாக ஏற்றினோம். எருவில் பாதியைச் சாக்குகளில் கட்டினோம். மீதியை அந்த வளவிலேயே பரவிவிட்டு வந்தோம். எமக்குப் பல கோடைகள் தக்காளி தந்த மண் அது.