செபமும் மைக்ரோமீட்டரும்



செமஸ்டர் பரீட்சை அன்று காலையில் நம் கல்லூரி வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? நெற்றி நிறைய விபூதியோடு ஒருவன். கழுத்தில் சிலுவையோடு ஒருவன். கண்ணை மூடி துவா கேட்டுக்கொண்டே ஒருவன். பக்தி பொங்கி வழியும்! ஆனால் அவர்களில் சிலருடைய சட்டைப் பையைத் தடவினால், மடித்து வைத்த பிட்டும் கூடவே அகப்படும். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. முதல் வருஷத்தில் என் பையிலும் செபமாலையும் பிட்டும் ஒன்றாகத்தான் குடியிருந்தன.

"கடவுளை நம்புறேன்" என்று சொல்கிறோமே, எதை நம்புகிறோம்? அரியரை க்ளியர் செய்து கொடுப்பார், கேம்பஸில் வேலை வாங்கிக் கொடுப்பார், தொழில் தொடங்கினால் லாபம் கொட்ட வைப்பார். பதிலுக்கு நாம் பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவோம். இதற்குப் பெயர் நம்பிக்கையா? பேரம் என்பதுதான் என் தாழ்மையான கருத்து.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பங்குச் சாமியார் இல்லை. ஒரு லேத் ஆபரேட்டர்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகத் தினமும் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடப்பேன். 1964-ல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் எத்தனையோ சின்னச் சின்னக் கம்பெனிகள். அதில் ஒன்று, பெயர் வேண்டாம். 25 மி.மீ. ஷாஃப்ட். 0.02 மி.மீ. கூடலாம், குறையலாம். நான் மைக்ரோமீட்டரில் அளந்தபோது பதினைந்து பீஸ் 24.95-ல் நின்றது. சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"லாரி வந்து நிக்குது தம்பி. எல்லாத்தையும் 24.99-னு போட்டுடு."

போட்டேன். பார்ப்பதற்கு இயல்பாக இருக்கட்டும் என்று நடுநடுவே 25.01 என்றும் போட்டேன். பொய்யிலும் என்ன ஒரு ஒர்க்மேன்ஷிப்!

பக்கத்து மெஷின் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவடிப் பக்கம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில்தான் கேட்டார். "அந்த ஷாஃப்ட் எந்த வண்டியில போய் உக்காரும்னு உனக்குத் தெரியுமா? அந்த வண்டியில உங்க அப்பாவே போவலாம்ல?"

அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு ஷீட்டில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "வந்த ரீடிங்கைத்தான் சார் எழுதுவேன்" என்று ஒரே வார்த்தை. சண்டை இல்லை, பிரசங்கம் இல்லை. அந்த மாதம் முழுக்க அவருக்கு ஓ.டி. கிடைக்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏண்ணே, சாமி உங்களுக்குக் கை கொடுக்கலியே?" என்றேன். சிரித்தார். "ஓ.டி. தான்பா போச்சு, தூக்கம் போவல. பொய் சொல்லாம இருந்தாலும் எம் புள்ளைங்க பட்டினி கெடக்க மாட்டாங்கன்னு நம்புறேன் பாரு, அதுக்குப் பேருதான் சாமிய நம்புறது."

நண்பர்களே, எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. நம்பிக்கை என்பது தப்பு செய்துவிட்டுத் தப்பிக்கக் கிடைக்கும் லைசென்ஸ் அல்ல; தப்பு செய்யாமல் இருக்கத் தேவைப்படும் தைரியம்.

"அப்படியானால் வேலையைக் கடவுளிடம் விட்டுவிட்டு சும்மா இருக்கலாமா?" என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. இயேசுவே தச்சுத் தொழிலாளி. பவுல் கொரிந்து நகரத்தில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் போட வேண்டும் என்று இயேசு சொன்னதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். நாம் தூங்கி வழியும் எஸ்டிமேட்டிங் அண்டு காஸ்டிங் வகுப்பு அங்கேயே இருக்கிறது! வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். பாட்டுப் பாடி முடிக்கவில்லை, பணத்தைக் கொடுக்க முன்வந்தான். யாக்கோபின் கடிதமோ, கூலியைப் பிடித்துவைக்கும் முதலாளிகளைக் கடுமையாகச் சாடுகிறது. நாளை நம்மில் சிலர் முதலாளி ஆவோம். ஆபீசில் செபக்கூட்டம் நடத்திவிட்டு ஆட்களுக்கு பி.எஃப். கட்டாமல் விட்டால், அந்த செபம் கூரையைத் தாண்டாது.

நம் மாதிரிப் படிப்புக்கும் இந்த நம்பிக்கைக்கும் பழைய உறவு உண்டு. 1876-78 பஞ்சத்தில் தென்னாட்டுச் சனங்கள் செத்து விழுந்தபோது, திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் இருந்த மர்காஷிஸ் ஐயர் செபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1878-ல் ஒரு தொழிற்பள்ளியையும் தொடங்கினார். பிள்ளைகளின் கையில் தொழில் ஏறியது.

மங்களூர் ஓடு தெரியுமல்லவா? பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். மதம் மாறியதால் சாதியும் பிழைப்பும் போனவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அந்த மிஷன் நெசவு, ஓடு என்று இறங்கியது. முதல் உலக யுத்தம் வந்ததும் எதிரிச் சொத்து என்று ஆங்கில அரசு பிடுங்கிக்கொண்டது. பிறகு அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போனது. கடவுளை நம்பியதால் கம்பெனி தப்பிக்கவில்லை! ஆனால் ஓடு நல்ல ஓடு. அதன் பேர் இன்றும் நிற்கிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆயுத பூஜை அன்று மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கையெடுத்துக் கும்பிடுகிற நண்பனுக்கும் இதே கேள்விதான்: மறுநாள் அந்த மெஷினில் வந்த பீஸுக்குப் பொய்க் கணக்கு எழுதலாமா? விவிலியத்தின் நீதிமொழிகளும் தராசைப் பற்றிப் பேசுகிறது. நம் வள்ளுவரும் சான்றோருக்குத் துலாக்கோலைத்தான் உவமை சொன்னார். அளக்கிற கருவி கோணக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து!

"பேசுறது ஈஸி, வயிறு என்ன ஆகும்?" என்ற கேள்வி நியாயமானது. வாடகை வீடு, அக்கா கல்யாணக் கடன், இதெல்லாம் என் வீட்டிலும் உண்டு. ஆகவே பெரிய வீரம் பேசவில்லை. சின்னதாகத் தொடங்கலாம் என்கிறேன். வந்த ரீடிங்கை எழுதுவோம். நம் கையால் பீஸ் ஸ்கிராப் ஆனால், கேட்பதற்கு முன் நாமே போய்ச் சொல்வோம். முடியாத தேதிக்கு "ஆகட்டும் சார்" என்று தலையாட்டாமல் இருப்போம். பக்கத்தில் ஒருவன் உண்மை எழுதத் துணிந்தால் அவனைத் தனியாக விடாமல் இருப்போம்.

டிரெயினிங் முடிவதற்குள் எனக்கும் இன்னொரு ஷீட் வந்தது. "வந்ததை எழுதட்டுமா சார்?" என்றேன். நாக்கு உலர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் முறைத்தார், ஷீட்டைப் பிடுங்கி வேறு பையனிடம் கொடுத்தார். கடைசியில் என் சான்றிதழில் "திருப்தி" என்று மட்டும் இருந்தது. அந்தப் பையனுக்கு "மிக நன்று".

வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி ரயிலில் ஆவடி வரை நன்றாகத் தூங்கினேன்!

வரும் பரீட்சைக்கும் செபிப்போம் நண்பர்களே. முதலில் பையைக் காலி செய்துவிட்டு!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்