பன்னிரண்டு அணாவை மறைத்த வியாக்கியானம்

வெள்ளவத்தையில் அண்மையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை அச்சாகி என் கைக்கும் வந்தது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' பற்றியது. "என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!" என்ற அந்தக் கதையின் கடைசி வரிக்கு இத்தனை காலமும் எல்லோரும் பிழையாகப் பொருள் கொண்டுவிட்டார்களாம். அதில் ஏளனம் இல்லையாம். கற்பு போய்விட்டதே என்று ஆசிரியர் மனம் நொந்து அழுகிறாராம். இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கட்டுரையாளரின் வாதம் முழுவதும் ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது: கதைத்தல். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல் வீண்பேச்சாகப் படும். ஈழத்திலோ கதைத்தல் என்றால் பேசுதல், அவ்வளவுதான். ஆகவே நம்முடைய காதால் கேட்டால் அந்த வரி குத்தல் இல்லாத நேர்ப்பேச்சு என்கிறார். நம்முடைய காதால் வாசிப்போம் என்ற அழைப்பில் எனக்குப் பிணக்கில்லை. அந்தக் காது அவரிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

காலி வீதியில் மரக்கறிக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றவருக்கு இது தெரிந்திருக்கும். விலையைக் கேட்டுவிட்டு ஓர் அம்மா, "என்ன கதை கதைக்கிறியள்?" என்றால் கடைக்காரர் முகம் ஏன் சுருங்குகிறது? "சும்மா கதையாதையுங்கோ", "உந்தக் கதையை விடுங்கோ", "அவர் கதை அளக்கிறார்" என்பதெல்லாம் எந்த ஊர்ப் பேச்சு? பேசுவதும் பொய் புனைவதும் எங்கள் நாக்கில் ஒரே சொல்லுக்குள்தான் குடியிருக்கின்றன. யார், யாரிடம், எது நடந்த பிறகு சொல்கிறார் என்பதை வைத்துத்தான் எது என்று பிடிக்கிறோம். இவர் சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு வாக்கியத்தை அப்படியே கைவிட்டுவிட்டார்.

வாக்கியத்தைப் பார்த்திருந்தால் மூன்று இடங்களில் தடக்கி விழுந்திருப்பார். கற்பு என்ற சொல் அங்கே இரட்டித்து, பின்னால் 'என்று' ஏற்று வருகிறது. "படிப்பு படிப்பு எண்டு பிள்ளையை வதைக்காதையுங்கோ" என்று ஒரு பாட்டி சொன்னால், படிப்பு என்ற சொல் பாட்டியினுடையதா? எதிரில் நிற்கிறவர் ஓயாமல் சொல்வதை அவர் வாயிலிருந்தே பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே காட்டுகிறாள். கற்பு அந்த வரியில் அப்படித்தான் நிற்கிறது. ஆசிரியரின் துக்கத்துக்கு அது சொந்தமில்லை. அடுத்தது, முன்னிலையாரை நோக்கி வினைமுற்றின் கடைசியில் ஏறியிருக்கும் ஏகாரம். "நல்லவர் போல நடிக்கிறீர்களே" என்று வருமே, அதே ஏகாரம். மூன்றாவது, ஐயா என்ற விளி. வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்ற பெண் கருமபீடத்துக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்து "ஐயா" என்னும்போது அதில் மரியாதை எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கொழும்பில் வாழ்கிறவருக்கு விளக்கவேண்டுமா?

தலைப்பு வெறும் இடப்பெயர், அதற்குள் உருவகம் தேடக்கூடாது என்றும் கட்டளையிடுகிறார். கறுவாத்தோட்டம் கூட இடப்பெயர்தான். "அவைக்குக் கறுவாத்தோட்டத்தில வீடு" என்றால் பட்டை உரிக்கிற மரத்தையா நினைக்கிறோம், பணத்தையா? பழந்தமிழில் பொன்னகர் என்றால் தேவருலகம். அந்தப் பெயரைச் சாக்கடை ஓரத்துச் சந்துகளுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறது கதை. பெயர் பெயராகவும் நிற்கிறது, சுடவும் சுடுகிறது.

இதையெல்லாம் விளக்கக் கோளாறு என்று பொறுத்துக்கொள்ளலாம். கதையின் நாயகி அம்மாளு பட்டினி கிடந்திருக்கலாமே என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பொறுக்க முடியாது. அம்மாளு தனக்காகப் போகவில்லை. புருஷன் குதிரைவண்டிக்காரன், குடித்துவிட்டு வண்டியை ஓட்டி அடிபட்டுக் கிடக்கிறான். பால்கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. இருட்டுச் சந்தில் ஒருவனோடு போய்த் திரும்பும்போது அவள் கையில் முக்கால் ரூபாய், அந்நாளைய பன்னிரண்டு அணா, இருக்கிறது. தலைப்பிலும் கடைசி வரியிலும் இவ்வளவு உருவகத்தை வைத்த எழுத்தாளர், இந்த ஒன்றை மட்டும் மூடாமல், அலங்கரிக்காமல், தொகையாகவே எழுதியிருக்கிறார். கதையைத் திறக்கும் சாவி அந்தத் தொகை. பன்னிரண்டு பக்கக் கட்டுரையில் அந்த முக்கால் ரூபாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதினால் அழுகை வியாக்கியானம் நிற்காது என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும்.

அம்மாளு ஒரு மில் கூலி. கதை மணிக்கொடி இதழில் வந்தது 1934இல். அதற்கு முந்திய வருடம் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கத்துக்குக் கொல்வின் ஆர். டி சில்வா தலைவர். ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி மாடிமாடியாக எழுந்து நிற்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கட்டுரையாளர் ஓர் ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்குப் பட்டினி கிடக்கப் புத்தி சொல்லியிருக்கிறார். கடைசி வரியில் 'ஐயா' என்று விளிக்கப்படுகிறவர் யார் என்று அவர் நாலு பக்கம் ஆராய்ந்திருக்கிறார். அவரேதான். தொண்ணூறு வருடத்துக்குப் பிறகும் அந்த விளி சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவருக்கு நான் தமிழ் படிப்பிக்கிறேன். தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் பலர். 2022இல் பால்மா வரிசையில் தாய்மாரோடு நின்ற பிள்ளைகள். இந்தக் கதையை வாசித்து முடித்ததும் பின்வாங்கில் இருந்த ஒருத்தி கை உயர்த்தினாள்.

"முக்கால் ரூபா எண்டா எழுபத்தைஞ்சு சதம். அப்ப அது பாலுக்குக் காணுமோ, சேர்?"

காணும் என்றேன். கொப்பியில் எழுதினாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் திரும்பவும் கேட்டாள்.

"அவ சாப்பிட்டாவோ?"

கதையில் அது இல்லை என்றேன்.