ரோட்டாவை எப்போது ஒட்டுகிறீர்கள்?

தொழிலாளர்களின் நலத்தை அளக்க விரும்பும் நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் உங்கள் ரோட்டாவை, அதாவது ஷிப்ட் அட்டவணையை, எடுத்துப் பாருங்கள்.

லண்டன் எட்மண்டனில் நான் வேலை செய்யும் கிடங்கில் அண்மையில் அப்படி ஒரு படிவம் வந்தது. வேலையில் எவ்வளவு மகிழ்ச்சி, 0 முதல் 10 வரை. பெயர் எழுதத் தேவையில்லை. ஆனால் வயது, பால், இனம், எந்த ஷிப்ட் என்று எல்லாவற்றுக்கும் பெட்டி இருந்தது. இரவு ஷிப்டில் இருக்கும் ஒரே தமிழ்ப் பெண்ணுக்கு இதற்கு மேல் பெயர் எதற்கு? கால் வீங்கிப்போய் நின்ற அந்த அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, எத்தனை போட்டால் பிரச்சினை வராது?" 8 போட்டார். அந்த 8 இப்போது எங்கோ ஒரு சராசரிக்குள் நலமாக இருக்கிறது.

பிரித்தானியப் புள்ளிவிவர அலுவலகம் 2011 முதல் வாழ்க்கைத் திருப்தி, மகிழ்ச்சி, பதற்றம் பற்றி இதே 0 - 10 அளவில் மக்களிடம் கேட்டு வருகிறது. அது நல்ல வேலை. அங்கே பதில் சொல்பவரின் அடுத்த வார ஷிப்ட் கேட்பவரின் கையில் இல்லை.

இதே லண்டனில் 1967இல் வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைபிடித்தல் போன்ற காரணங்களைக் கழித்த பிறகும் இடைவெளி மூடவில்லை. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: தங்கள் வேலையை எப்படிச் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து கூடுதல். பிரித்தானியாவின் வேலைத்தலப் பாதுகாப்பு அமைப்பு மன அழுத்தத்துக்காக வகுத்த ஆறு அம்சங்களில் இந்தத் தீர்மானிக்கும் உரிமையும் ஒன்று.

ஆகவே அளக்க வேண்டியவை வேறு. ரோட்டா எத்தனை நாளுக்கு முன் கைக்கு வருகிறது? கடைசி நேரத்தில் எத்தனை ஷிப்ட் ரத்தாகிறது? எடுக்காமல் போன பிரேக் எத்தனை? பிள்ளைக்கு ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் என்று ஷிப்ட் மாற்றக் கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? இவை எல்லாம் மனேஜரின் கணினியிலேயே இருக்கின்றன. யாரும் பயந்துகொண்டு 8 போட வேண்டியதில்லை. திருத்துவதும் அங்கேயே தொடங்கலாம்: இரண்டு வாரம் முன்னதாக ரோட்டா, ஆட்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி. யோகா வகுப்பைப் பிறகு பார்க்கலாம்.

இதை வெள்ளைக்கார நிர்வாகங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பெற்றோல் நிலையமும் பலசரக்குக் கடையும் நடத்தும் நம்மவர்களிடம் நம்மவர்களே வேலை செய்கிறார்கள். ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் "நாளைக்குக் காலமை வாங்கோ" என்று அனுப்புவதை முதலில் நாமே நிறுத்துவோம்.